மூன்றாவது பிரதி எங்கே?

1638 மே 18 அன்று மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஐந்து நாள் கழித்து, அதே மட்டக்களப்பில், ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்தலாம், ஆனால் அரசன் விரும்பினால் மட்டும் என்று அதில் ஒரு பிரிவு. அரசனிடம் இருந்த பிரதியில் அந்த நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தர் கையில் இருந்த பிரதியில் அது காணாமற்போயிருந்தது. 1656இல் கொழும்பைப் பிடித்தவர்கள் அதை அரசனிடம் கொடுக்கவில்லை, தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பின் வாங்கில் நித்திரை தூங்குகிற பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். ஒருமுறை ஒரு பையன் எழும்பிக் கேட்டான்: "டீச்சர், அந்த ரெண்டு கடதாசியில ஒண்டாவது நம்மட ஊரில இருக்கா?"

"இல்ல மனே."

"அப்ப நம்மட ஊரில என்னதான் இருக்கு?"

பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் கோவில், நொத்தாரிசு வீடு, அண்ணாவியார் வீடு என்று நான் அலைவதைப் பார்த்து, டீச்சருக்குப் பொழுது போகவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கிறது.

ஊரில் இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தக் கம்பனி எழுதி வைப்பதில் பித்துப்பிடித்த நிறுவனம். ஓர் அதிகாரி இடம் மாறிப் போனால், பின்னால் வருகிறவருக்கு ஊர் நிலவரம் முழுவதையும் அறிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மட்டக்களப்பில் தலைமை அதிகாரியாக இருந்த யாக்கோப் பர்னாண்ட் என்ற சுவிற்சர்லாந்துக்காரர், தனக்கடுத்து வந்த வாம்பேக்குக்கு 1794இல் அப்படியொன்று எழுதினார். நெற்செய்கையைப் பெருக்குவதில் அக்கறை காட்டிய மனுசன் அவர். வாம்பேக்குக்கு அதைப் படித்து நடக்க அதிக காலம் கிடைக்கவில்லை. அடுத்த வருடமே கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிவிட்டது. கம்பனி இலங்கையில் விட்டுப்போன ஏறக்குறைய 7,000 கட்டுகள் இன்று கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. கம்பனியின் தலைமையகத்துக்குப் போனவை நெதர்லாந்தில், ஹேக் நகரத்தில். ஹேக், கொழும்பு, சென்னை, ஜகார்த்தா, கேப் டவுன் ஆகிய இடங்களில் உள்ள இந்தக் கம்பனிப் பதிவுகளை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்தக் காலத்து மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சியது. புளிப்பு உள்ள மை. வருடம் போகப் போக அது காகிதத்தைத் தின்னத் தொடங்கும். சில தாள்களில் எழுத்து உதிர்ந்து, எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மை இருந்த இடமெல்லாம் ஒளி வரும். குளிரூட்டிய அறையும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாமல் இவற்றைக் காப்பாற்ற முடியாது. ஆகவே இவை கொழும்பில் இருப்பதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. படியெடுத்த படமாவது எங்கள் ஊரில் இல்லையே என்பதுதான் குறை.

ஆங்கிலேயர் காலத்தில் ஏஜன்டுமார், அதாவது அரசாங்க அதிபர்கள், தினக்குறிப்பு எழுத வேண்டும். எங்கே போனேன், யார் மனுக் கொடுத்தார்கள், எந்தக் குளக்கட்டு உடைந்தது, எந்த ஊரில் வாந்திபேதி என்று நாள்தோறும் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். லெனார்ட் வூல்ஃப் அம்பாந்தோட்டையில் எழுதியவை பின்னாளில் புத்தகமாக வந்தன, அவர் பெரிய எழுத்தாளர் ஆகிவிட்டதால். எங்கள் பக்கத்து ஏஜன்டுமாரின் குறிப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக்கு பஸ் ஏறத்தான் வேண்டும். அவர்களில் ஒருவர் பேர்ச். கிழக்கு மாகாணத்தில் நீர்ப்பாசன வேலைகளில் பேரெடுத்து, பிறகு மலாயாவுக்குப் போய், பேராக்கின் முதல் பிரித்தானிய ரெசிடென்ட் ஆகி, 1875இல் அங்கே கொல்லப்பட்டவர். மலேசியாவில் பள்ளிக்கூடம் போன தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் செத்த கதை தெரியும். எங்கள் குளங்களோடு அவருக்கிருந்த தொடர்பை மட்டக்களப்பிலேயே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

ஏஜன்டுமாரின் அலுவலகமான கச்சேரியின் பதிவுகளைத் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் அலைச்சல் குறையும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், சம்மாந்துறை எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம். விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு அன்று மட்டக்களப்புக் கச்சேரிக்கு உட்பட்ட ஊர். அக்கரைப்பற்றுக் குடும்பம் ஒன்றின் பழைய காணிக் கதையை அம்பாறையில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இந்தக் கச்சேரிக் காகிதங்களை ஊர்க்காரர் ஒருவரே பயன்படுத்தி எழுதிய புத்தகம் எஸ். ஓ. கனகரத்தினத்தின் மட்டக்களப்பு மாவட்ட விபரத்திரட்டு. ஆங்கிலத்தில், 1921இல், அரசாங்க அச்சகத்தில் வெளிவந்தது. சாதி, குடி, கோவில், வயல், குளம், வியாபாரம் எல்லாம் அதில் இருக்கிறது. மட்டக்களப்பைப் பற்றி எழுத வருகிற ஆய்வாளர் யாரும் அதைத் தொடாமல் போவதில்லை.

இனி ஊருக்குள் வருவோம். ஏடு என்றதும் எல்லாரும் கேட்பது "மட்டக்களப்பு மான்மியம்" பற்றித்தான். வீடுகளிலும் கோவில்களிலும் கிடந்த ஏடுகளை வைத்து எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் அதைப் பதிப்பித்தார். இரண்டு வருடம் கழித்து வித்துவான் வி. சீ. கந்தையாவின் "மட்டக்களப்புத் தமிழகம்" வந்தது. மான்மியத்தில் வருகிற அரசர்கள் உண்மையா, ஆண்டுக் கணக்குச் சரியா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. என்னைக் கேட்டால் அந்தச் சண்டையில் நேரம் வீண். அரசர் பட்டியலை ஒருபக்கம் தள்ளிவிட்டு, எந்தக் கோவிலில் எந்தக் குடிக்கு எந்தத் தொழும்பு, யாருக்கு என்ன வரிசை என்று வருகிற பகுதிகளைப் படியுங்கள். அதுதான் சரக்கு. ஏனென்றால் அந்த வரிசைக்காக மனிதர்கள் நிசமாகவே வழக்காடியிருக்கிறார்கள். காளாஞ்சி என்ற கோவில் மரியாதை யாருக்கு முதலில் என்று இரண்டு குடிகள் முறுகிக்கொண்டால் கோவிலை நடத்தும் வண்ணக்கர்மார் பழைய ஏட்டை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போவார்கள். கோட்டில் சாட்சி எழுதப்படும். இன்று கோவிலில் ஏடு செல்லரித்துப் போயிருந்தாலும், வழக்குக் கட்டில் அதன் வாசகம் கிடக்கக்கூடும்.

ஏட்டைவிட எனக்கு மதிப்பானது காணி உறுதி. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். ஆகவே பழைய உறுதிகள் பெரும்பாலும் அம்மாமாரின் பெட்டியில்தான் இருக்கும். தாய்வழியில் சொத்து இறங்கிய முக்குவர் சட்டத்தைப் பற்றி கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதே வருடம் வந்த 15ஆம் இலக்க மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த முறைக்கு முடிவு கட்டியது. சட்டம் போனது. சீதனமாக வளவு எழுதும் பழக்கம் போகவில்லை.

எங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் அம்மம்மாவின் சீதன உறுதி இருக்கிறது, 1930களில் எழுதியது. ஊர் முனைக்காடு. தாள் தேயிலைச் சாயம் ஏறின மாதிரி மங்கிப்போய், மடிப்புகளில் கிழிந்திருக்கிறது. வடக்கே ஒழுங்கை, கிழக்கே வாவி, தெற்கே பெரியம்மாவின் வளவு, மேற்கே கோவில் காணி என்று நான்கெல்லை. தென்னை இத்தனை, கிணற்றில் பங்கு இத்தனை. கீழே பிரசித்த நொத்தாரிசின் கையொப்பம், சாட்சிகள் இருவரின் கையொப்பம், அம்மம்மாவின் இடது பெருவிரல் அடையாளம். ரேகை இன்னும் தெளிவாக இருக்கிறது. இன்று அந்தக் கிழக்கெல்லையில் போய் நின்றால் வாவி இல்லை. கண்டல் வெட்டி, மண் போட்டு, றோட்டு வந்து, றோட்டுக்கு அந்தப் பக்கமும் வீடுகள். வாவி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளக்க வருகிறவர்கள் செய்மதிப் படம் பார்க்கிறார்கள். செய்மதி பறக்காத காலத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் கரையோரத்து உறுதிகளை வாசிக்கலாம். ஒவ்வொன்றிலும் வாவி ஓர் எல்லையாக எழுதப்பட்டிருக்கிறது.

உறுதியின் நடைமுறை பலருக்குத் தெரியாது, அதனால் இரண்டு வசனம் கூடச் சொல்கிறேன். காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் நடக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசு எழுதும்போது மூன்று பிரதி உண்டாகிறது. ஒன்று காணிக்காரர் கையில். ஒன்று மாதம் முடிந்ததும் காணிப் பதிவகத்துக்குப் போகும். மூன்றாவது நொத்தாரிசின் சொந்தக் கட்டில் இருக்கும். அவர் காலமானால் அதையும் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருவர் தன் பிரதியில் ஒரு சொல்லை அழித்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். வெஸ்டர்வோல்டும் இராஜசிங்கனும் ஒப்பமிட்ட அன்று மட்டக்களப்பில் இப்படி மூன்றாம் ஆள் ஒருவர் ஒரு பிரதி வைத்திருந்தால் கதை வேறு.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி கூரைகளைத் தூக்கி எறிந்தது. விடிந்து பார்த்தால் வேலியெல்லாம் காகிதம். எங்கள் பள்ளிக்கூடத்து வரவு இடாப்புகளை வெயிலில் காய வைத்தது ஞாபகம். காய்ந்தபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. 2004 டிசம்பர் 26 அதைவிட மோசம். நாவலடியிலும் கல்லடியிலும் வீட்டோடு உறுதி, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் போனது. பிறந்ததற்கும், கலியாணம் கட்டினதற்கும், காணி உள்ளதற்கும் ஒரே நாளில் சாட்சி இல்லாமல் போன மனிதர்கள். அவர்களுக்காக 2005இல் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. காணிப் பதிவகத்துப் பிரதியும், 1867 முதல் பதியப்பட்டுவந்த பிறப்பு இறப்புப் பதிவேடும், கோவிற்பற்று ஞானஸ்நானப் பதிவும் எத்தனையோ பேரைக் கரையேற்றின. அந்த நாட்களில் தாளின் விலை தெரியாத ஆள் ஊரில் இல்லை.

தாளே இல்லாமல் ஆக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கிக் குண்டுத் துளைகளைப் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து, செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து படையினர் 158 பேரைக் கொண்டுபோனார்கள். நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாக 180க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இந்த எண்கள் இன்று நிற்பதற்குக் காரணம், அந்த நேரத்திலேயே சிலர் பெயர் பெயராக எழுதி வைத்ததுதான். மைக்கல் கல்லூரியில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த அமெரிக்க இயேசுசபைத் துறவி ஹரி மில்லர் அடிகளார் அவர்களில் ஒருவர். சமாதானக் குழுவில் இருந்து, காணாமற்போனோர் விபரங்களைப் பதிந்து வந்தார். பெயர், வயது, ஊர், கடைசியாகக் கண்ட இடம் என்று நாலு நிரல். விசாரணைக் குழுக்கள் வந்தபோது தாய்மார் கையில் கொண்டுபோனதும் அப்படிப்பட்ட தாள்தான். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அம்மாவின் அப்பா வட்டை விதானையார். அவருடைய கணக்குக் கொப்பி ஒன்று தப்பியிருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் பொங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டை வயலுக்கு வேலி அடைப்பிப்பது, வாய்க்கால் வெட்டுவிப்பது, தண்ணீர் முறை பார்ப்பது, மாடு இறங்கினால் தண்டம் வாங்குவது எல்லாம் வட்டை விதானையார் பொறுப்பு. கொப்பியில் வயற்சொந்தக்காரரான ஒவ்வொரு போடியாரின் பெயர், வயல் எத்தனை அவணம், அவர் அடைக்க வேண்டிய வேலி எத்தனை பாகம் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். கடைசி நிரலில் "அடைத்தது" அல்லது "அடையாதது". அடையாதவர்களில் பெரிய போடிமார்தான் கூட. ஓரத்தில் பென்சிலால் முல்லைக்காரர்களின் பெயர்கள். வயலில் உண்மையில் இறங்கி வேலை செய்தவர்களின் பெயர் எழுத்தில் வருவது எனக்குத் தெரிந்து இப்படியான ஓரங்களில்தான். ஒரு பக்கத்தில் "ஆனை இறங்கி வரம்பு மூன்று இடம் உடைவு". இன்னொரு பக்கத்தில் வைகாசிக் கண்ணகை அம்மன் சடங்குக்கு யார் எவ்வளவு நெல் கொடுத்தது.

ஏஜன்டு குதிரையில் வந்து பார்த்து எழுதியது கொழும்பில் பத்திரமாக இருக்கிறது. வரம்பில் நின்று எழுதியது றங்குப்பெட்டியில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தப் போகத்தில் என்ன நடந்தது என்று விளங்கும்.

கூத்துக் கொப்பிகளும் இந்த வகைதான். பேராசிரியர் மௌனகுருவின் "மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்" 1998இல் வந்தபின் வடமோடி, தென்மோடி பற்றிப் பாட்டும் தாளமும் தெரிந்தவர்கள் பெருகினார்கள். நான் அண்ணாவியார் வீடுகளுக்குப் போவது பாட்டுக்காக அல்ல, கொப்பியின் பின் அட்டைக்காக. அங்கேதான் சதங்கை கட்டிய நாள், அரங்கேறிய நாள், யார் தருமர், யார் சகுனி என்று எழுதியிருப்பார்கள். படுவான்கரையில் ஒரு முதிய அண்ணாவியார், நான் கைபேசியில் அட்டையைப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "இதென்ன கா, உள்ளுக்குப் பாட்டுக் கிடக்கு, நீங்க அட்டையப் புடிக்கிறீங்க!" என்று சிரித்தார். அந்த அட்டையில் இருந்த பதினாறு ஆட்டக்காரரில் பாதிப் பேருக்கு இன்று ஊரில் வேறு எழுத்துச் சாட்சி இல்லை.

சத்தமும் ஆவணம்தான். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் இன்னும் பேசப்படும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை, லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹூகோ கார்டோசோ தலைமையில் வந்த குழு பதிவு செய்தது. பேச்சு, பாட்டு, கஃப்ரிஞ்ஞா ஆட்டம் எல்லாம் அழியும் மொழிகளுக்கான சேமிப்பகம் ஒன்றில் இருக்கின்றன. யாரும் கேட்கலாம்.

அரசாங்கப் பதிவுகளைக் காப்பதற்கு 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் இருக்கிறது. வீட்டு றங்குப்பெட்டிக்கு வீட்டுக்காரர்தான் சட்டம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஏடுகளையும் மின்வடிவில் ஏற்றி வருகிறது. தொண்டர்களை நம்பி நடக்கிற வேலை. அது மட்டும் போதாது. கோட்டைக்குள் இருந்த மாவட்டச் செயலகம் திராய்மடுவில் புதுக் கட்டடத்துக்குப் போயிருக்கிறது. கோட்டைக்குள் இரண்டு அறையை ஒதுக்கி, கொழும்பிலும் ஹேக்கிலும் உள்ள மட்டக்களப்புக் கட்டுகளின் மின்பிரதியையும், ஊர் வீடுகளிலிருந்து எடுக்கும் படங்களையும் ஒரே இடத்தில் வைக்கலாம். மூலத்தைக் கேட்கவில்லை. பிரதியைத்தான் கேட்கிறோம். இதற்குப் பெரிய காசு வேண்டாம், பிடிவாதமான ஓர் அதிகாரி வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. பழைய உறுதியை லெமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்க முடியாது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், அது மஞ்சளாகி எழுத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். மடிப்பை நீவி, பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் படாமல் வையுங்கள். தாளின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுங்கள். படத்தோடு நாலு விபரம் எழுதுங்கள்: யாருடையது, எந்த ஊர், எப்போது எழுதியது, உங்கள் கைக்கு எப்படி வந்தது. இந்த நாலும் இல்லாத படம் எங்களுக்கு உதவாது. வீட்டைத் திருத்தும்போது பழைய கொப்பிகளை முற்றத்தில் போட்டு எரிக்கிற வழக்கத்தை விடுங்கள். எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வரலாற்று ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் எங்களைப் போன்ற யாரையாவது தேடிப் பிடிப்பார்.